சூடோ மறுக்கிறதா? லினக்ஸ் சர்வரில் நிர்வாகக் கட்டளைச் சிக்கல்களைத் தீர்க்க முழுமையான வழிகாட்டி

“சூடோ வேலை செய்யவில்லை” என்று யாராவது வந்து நின்றால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பாஸ்வேர்ட் கேட்டதா, கேட்கவில்லையா?

சாதாரண யூசர் ஒரு கட்டளையை ரூட்டின், அதாவது சர்வரில் முழு உரிமை உள்ள நிர்வாகியின், பெயரில் ஓட்ட உதவும் நிரல்தான் சூடோ. அது பாஸ்வேர்ட் கேட்டதா என்பது பாதிப் பேருக்கு நினைவிருக்காது. திரையில் ஏதோ வந்தது, வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு விவரமே முக்கால்வாசி சொல்லிவிடும். பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே விழுந்தால், சூடோ நிரலோ அதன் விதி ஃபைலோ பழுதாகியிருக்கிறது. கேட்டுவிட்டு, கொடுத்ததை ஏற்கவில்லை என்றால் சிக்கல் உங்கள் கணக்கில். ஏற்றுக்கொண்ட பிறகு ‘உனக்கு அனுமதி இல்லை’ என்றால் விதியில். சூடோ எதுவும் சொல்லாமல் வழிவிட்டு, கட்டளை மட்டும் ‘பெர்மிஷன் டினைட்’ என்று நின்றால் சூடோவின் மேல் தப்பே இல்லை, தடுப்பது வேறு ஏதோ.

இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. உபுண்டு, டெபியன் ஒரு குடும்பம். ரெட் ஹேட், ராக்கி, ஆல்மா இன்னொரு குடும்பம். இரண்டுக்கும் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன், மற்றதெல்லாம் சிறிய எழுத்து.

கைவைக்கும் முன்

ரூட் உரிமையோடு திறந்திருக்கும் டெர்மினல் ஏதாவது இருந்தால் அதை மூடாதீர்கள். சூடோ விதிகளில் கைவைக்கும் நாளில் நான் எப்போதும் இரண்டு எஸ்எஸ்எச் இணைப்பு (தொலைவிலிருந்து சர்வருக்குள் வரும் வழி) வைத்திருப்பேன். ஒன்றில் ‘சூடோ -ஐ’ கொடுத்து ரூட்டாக உட்கார்ந்திருப்பேன்; இன்னொன்றில் சாதாரண யூசராகச் சோதிப்பேன். முதலாவது ஜன்னலை வேலை முடியும்வரை தொட மாட்டேன்.

அடுத்தது ‘சூடோ -கே’. ஒருமுறை பாஸ்வேர்ட் வாங்கினால் சூடோ அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருக்கும். மூல நிரலில் அது 5 நிமிடம்; டெபியனும் உபுண்டுவும் அதை 15 நிமிடமாக்கியிருக்கின்றன. அந்த நினைவு இருக்கும்போது சோதித்தால் ‘பாஸ்வேர்ட் கேட்டதா’ என்ற கேள்விக்கே தப்பான பதில் கிடைக்கும். ‘-கே’ அதை அழித்துவிடும்.

மூன்றாவது, லாக். உபுண்டுவில் /வார்/லாக்/ஆத்.லாக், ரெட் ஹேட் குடும்பத்தில் /வார்/லாக்/செக்யூர். டெபியன் 12 முதல், லாக் ஃபைல்களை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, அங்கே ஆத்.லாக்கைத் தேடிக் களைக்காமல் ‘ஜர்னல்சிடிஎல் -டி சூடோ’ என்று கொடுங்கள். இவற்றைப் படிக்கவே ரூட் உரிமையோ ‘ஏடிஎம்’ போன்ற குரூப்போ வேண்டும் என்பது ஒரு வேடிக்கை. திறந்து வைத்த ரூட் ஜன்னல் இங்கேயே உதவிக்கு வந்துவிடும்.

லாக் வரியில் யார், எந்த டெர்மினல், எந்த டைரக்டரி, யாராக ஓட்டப் பார்த்தார், எந்தக் கட்டளை என்று எல்லாம் இருக்கும். கடைசியில் வரும் ‘கமாண்ட்’ பகுதியை மட்டும் நன்றாகப் பாருங்கள். நீங்கள் தட்டியது அங்கே இருக்காது. சூடோ தேடிக் கண்டுபிடித்த முழுப் பாதை இருக்கும். விதி ஏன் பொருந்தவில்லை என்ற புதிர் பல நேரம் அந்தப் பாதையிலேயே அவிழும். திரையில் வரும் ‘திஸ் இன்சிடென்ட் வில் பி ரிப்போர்ட்டட்’ என்ற மிரட்டலைப் பார்த்துப் புதியவர்கள் பயந்துபோவார்கள். அந்த ‘ரிப்போர்ட்’ போவது இந்த லாகுக்கும், மெயில் வசதி இருந்தால் ரூட்டின் அஞ்சல்பெட்டிக்கும்தான்.

பாஸ்வேர்ட் கேட்கும் முன்பே விழுந்தால்

இந்த வகையில் மோசமானது, /யூஎஸ்ஆர்/பின்/சூடோ என்ற ஃபைல் ‘யூஐடி 0’-க்கு, அதாவது ரூட்டுக்கு, சொந்தமாக இருக்க வேண்டும், ‘செட்யூஐடி’ பிட் வேண்டும் என்று வரும் செய்தி. சாதாரண யூசர் ஓட்டும் நிரல் ரூட் ஆவது எப்படி? சூடோ ஃபைலின் உரிமையாளர் ரூட். அதன்மேல் செட்யூஐடி என்ற குறி இருக்கிறது. அதனால் யார் ஓட்டினாலும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதை உரிமையாளரின் பெயரில் ஓட்டுகிறது. ‘எல்எஸ் -எல்’ கொடுத்தால் உரிமையாளருக்கான மூன்று எழுத்துகளில் ‘எக்ஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘எஸ்’ தெரியும். அந்த எஸ் போய்விட்டால் சூடோ வெறும் சாதாரண நிரல்.

அது தானாகப் போகாது. யாரோ ஏதோ ஒரு பெர்மிஷன் தகராறைத் தீர்க்க ‘சிஎச்மாட் -ஆர் 777’ என்று (ஆர் பெரிய எழுத்து) தவறான டைரக்டரியில் அடித்திருப்பார்கள். அல்லது /யூஎஸ்ஆர் முழுவதையும் ‘சிஎச்ஓன்’ செய்திருப்பார்கள். ரூட் ஜன்னல் இருந்தால் சரிசெய்வது இரண்டு வரி:

சிஎச்ஓன் ரூட்:ரூட் /யூஎஸ்ஆர்/பின்/சூடோ
சிஎச்மாட் 4755 /யூஎஸ்ஆர்/பின்/சூடோ

இந்த வரிசையை மாற்றாதீர்கள். உரிமையாளரை மாற்றும்போது கெர்னல் செட்யூஐடி குறியை அழித்துவிடும். முதலில் சிஎச்மாட் செய்து பிறகு சிஎச்ஓன் செய்தால் மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். ரெட் ஹேட் குடும்பத்தில் ‘ஆர்பிஎம் --செட்யூஜிட்ஸ் சூடோ’, அப்புறம் ‘ஆர்பிஎம் --செட்பெர்ம்ஸ் சூடோ’ என்று பேக்கேஜ் கணக்கிலிருந்தே மீட்கலாம். அங்கேயும் இதே வரிசை.

சூடோவை மட்டும் சரிசெய்துவிட்டு எழுந்து போகாதீர்கள். 777 அடித்தவர் அதை ஒரு ஃபைலோடு நிறுத்தியிருக்க மாட்டார். எஸ்எஸ்எச் சர்வரின் சாவி ஃபைல்கள் எல்லோரும் படிக்கும்படி திறந்துகிடந்தால் அவற்றை அது ஏற்காது. அடுத்த ரீபூட்டுக்குப் பிறகு உள்ளேயே வர முடியாமல் போகலாம். ‘எஸ்யூ’, ‘பாஸ்டபிள்யூடி’, ‘மவுண்ட்’ ஆகியவையும் செட்யூஐடியை நம்பி ஓடுபவை. மொத்த ரூட் டைரக்டரியிலும் 777 அடிக்கப்பட்ட சர்வரை ஒட்டுப்போட்டு ஓட்டுவதைவிட, டேட்டாவை எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுவது மேல் என்பது என் கட்சி.

இரண்டாவது வகை, விதி ஃபைல் பழுது. /எட்சி/சூடோயர்ஸ் ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாக, 0440 பெர்மிஷனோடு இருக்க வேண்டும். ‘வேர்ல்ட் ரைட்டபிள்’ என்று புகார் வந்தால் பெர்மிஷனைச் சரிசெய்தால் போதும். எழுத்துப்பிழை என்றால் எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்று செய்தியிலேயே இருக்கும். ரூட் ஜன்னலில் ‘விசூடோ -சி’ கொடுத்தால் எல்லா விதி ஃபைல்களையும் ஒரே வீச்சில் சோதித்துச் சொல்லும். ஃபைலைத் திருத்தவும் விசூடோ மட்டும்தான். சேமிக்கும் முன் பிழை பார்த்து, இருந்தால் மறுபடி திருத்தச் சொல்லும். நானோவில் நேரடியாகத் திறந்து திருத்திய கையால்தான் பெரும்பாலான சூடோ விபத்துகள் நடக்கின்றன. விசூடோ திறக்கும் எடிட்டர் பிடிக்கவில்லை என்றால் ‘எடிட்டர்’ என்ற சூழல் மாறியை (பெரிய எழுத்தில்) நானோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விஐ தெரியாதது ஒரு சாக்கு இல்லை.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘நோ நியூ பிரிவிலேஜஸ்’ கொடி போடப்பட்டிருக்கிறது என்று வந்தால் நீங்கள் ஒரு கன்டெய்னருக்குள்ளோ, சிஸ்டம்டி சர்வீஸுக்குள்ளோ இருக்கிறீர்கள். யாரோ வேண்டுமென்றே போட்ட பூட்டு அது. உள்ளிருந்து உடைக்க முடியாது. அந்த வேலையைச் செய்ய வேறு யூசரின் பெயரில் தனி சர்வீஸ் வையுங்கள். ‘எஃபெக்டிவ் யூஐடி 0 இல்லை’ என்று வந்தால் சூடோ இருக்கும் டிஸ்க் ‘நோசூயிட்’ தெரிவோடு மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்ட் வாங்க ஒரு டெர்மினல் வேண்டும் என்று வந்தால், எஸ்எஸ்எச் வழியே ஒற்றைக் கட்டளையாக ஓட்டியிருப்பீர்கள். ‘எஸ்எஸ்எச் -டி’ கொடுங்கள். ‘அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்’ என்பது வெறும் எச்சரிக்கை. சர்வரின் பெயரை மாற்றிவிட்டு /எட்சி/ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மாற்ற மறந்திருப்பீர்கள். சூடோ கொஞ்சம் தயங்கிவிட்டு வேலையைச் செய்துவிடும்.

பாஸ்வேர்டை ஏற்காவிட்டால்

முதலில், எந்த பாஸ்வேர்டைத் தட்டுகிறீர்கள்? சூடோ கேட்பது உங்கள் சொந்த பாஸ்வேர்ட், ரூட்டுடையது இல்லை. ஓப்பன்சூசே மட்டும் நெடுங்காலமாக ரூட் பாஸ்வேர்டைக் கேட்கும்படி அமைக்கப்பட்டு வந்தது. அங்கிருந்து வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் சகஜம்.

கிளவுட் சர்வர்களில் வேறொரு பொறி. எஸ்எஸ்எச் சாவியால் மட்டுமே உள்ளே வரும் யூசருக்குப் பாஸ்வேர்டே வைத்திருக்க மாட்டார்கள். இல்லாத பாஸ்வேர்டை சூடோ கேட்கும். எதைக் கொடுத்தாலும் ‘சாரி, ட்ரை அகெய்ன்’ என்று சொல்லும். உபுண்டு கிளவுட் இமேஜில் ‘உபுண்டு’ என்ற யூசருக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை என்றால், சர்வர் முதன்முதலில் எழும்போது ஓடும் கிளவுட்-இனிட் அவருக்காகத் தனி விதி ஃபைல் எழுதி, பாஸ்வேர்ட் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. நீங்கள் புதிதாகச் சேர்த்த முருகனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ரூட் ஜன்னலில் ‘பாஸ்டபிள்யூடி முருகன்’ கொடுத்து ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள்.

பாஸ்வேர்ட் உறுதியாகச் சரி, ஆனாலும் ஏற்கவில்லை என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கலாம். ரெட் ஹேட் குடும்பத்தில் ‘ஃபெயில்லாக்’ இயக்கப்பட்டிருந்தால், அதன் வழக்கமான அமைப்பில் 3 தவறுக்கு 600 விநாடி பூட்டு. அந்தப் பத்து நிமிடமும் சரியான பாஸ்வேர்டும் தவறாகவே தெரியும். நீங்கள் மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருப்பீர்கள். ‘ஃபெயில்லாக் --யூசர் முருகன்’ நிலையைக் காட்டும். அதோடு ‘--ரீசெட்’ சேர்த்தால் பூட்டு திறக்கும். காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்க ‘சிஎச்ஏஜ் -எல் முருகன்’.

‘பட்டியலில் நீ இல்லை’ என்றால்

அதிகம் பேர் முட்டிக்கொள்ளும் இடம் இது. பாஸ்வேர்ட் சரி; ஆனால் ‘முருகன் இஸ் நாட் இன் த சூடோயர்ஸ் ஃபைல்’. தன் பெயர் அந்த ஃபைலில் நேராக எழுதப்பட்டிருக்க வேண்டும் போல என்று நினைத்து, அதைத் திறந்து பெயரை எழுதத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் தேவையில்லை. அந்த ஃபைலில் ஏற்கெனவே ஒரு குரூப்புக்கு முழு அனுமதி இருக்கிறது. யூசர் அந்த குரூப்பில் இருந்தால் போதும். டெபியன், உபுண்டுவில் அந்த குரூப்பின் பெயர் ‘சூடோ’. ரெட் ஹேட் குடும்பத்தில் ‘வீல்’. பெரிய மனுஷனை ஆங்கிலத்தில் ‘பிக் வீல்’ என்பார்களே, அதிலிருந்து வந்தது.

முருகனைச் சேர்க்க, ரூட் ஜன்னலில்:

யூசர்மாட் -ஏஜி சூடோ முருகன்

இதில் ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. ரெட் ஹேட் குடும்பத்தில் சூடோவுக்குப் பதில் வீல். அந்த ‘ஏ’-வை விடாதீர்கள். ‘ஏ’ என்றால் இருப்பதோடு சேர். அது இல்லாமல் வெறும் ‘-ஜி’ என்றால், இருக்கிற துணை குரூப்புகளையெல்லாம் தூக்கிவிட்டு இதை மட்டும் வை என்று பொருள்.

நான் அப்படி ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வரில் டாக்கர் குரூப்பில் என்னைச் சேர்க்கப் போய், ‘ஏ’ இல்லாமல் அடித்துவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. புதிய ஜன்னலில் உள்ளே வந்து சூடோ அடித்தால், பட்டியலில் நீ இல்லை என்கிறது. ரூட் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. சர்வர் வேறு ஊரில். சரி, கதை முடிந்தது என்று எல்லாவற்றையும் மூடப் போனவன், என்னவோ தோன்றிப் பழைய ஜன்னலில் ஒருமுறை சூடோ அடித்துப் பார்த்தேன். வேலை செய்தது!

காரணம் மாயமில்லை. லாகின் ஆகும் நேரத்தில் உங்கள் குரூப் பட்டியல் அந்த செஷனோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு /எட்சி/குரூப் ஃபைலில் என்ன மாறினாலும் பழைய செஷனுக்குத் தெரியாது. சூடோவும் பொதுவாக, தன்னைக் கூப்பிட்ட செஷன் கொண்டுவரும் பட்டியலைத்தான் பார்க்கிறது. பழைய ஜன்னல் இன்னும் பழைய குரூப்புகளோடு உயிரோடு இருந்ததால் அதிலிருந்தே என்னை மறுபடி சேர்த்துக்கொண்டேன். அதை மட்டும் மூடியிருந்தால் அன்றைக்கு டேட்டா சென்டருக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும்.

இதே விஷயம் தலைகீழாகவும் வரும், அதுதான் அடிக்கடி வருவது. முருகனைச் சரியாகச் சேர்த்துவிட்டீர்கள்; ரூட் ஜன்னலில் ‘சூடோ -எல் -யூ முருகன்’ (யூ பெரிய எழுத்து) கொடுத்தால் எல்லா அனுமதியும் இருக்கிறது என்று காட்டுகிறது; ஆனால் முருகன் “எனக்கு இன்னும் வரவில்லை அண்ணா” என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. ரூட் கேட்டது குரூப் ஃபைலை. முருகன் உட்கார்ந்திருப்பது சேர்ப்பதற்கு முன் திறந்த செஷனில். அவரை ‘ஐடி’ என்று மட்டும் தட்டச் சொல்லுங்கள், அப்புறம் ‘ஐடி முருகன்’. முதலாவது செஷனின் பட்டியல், இரண்டாவது ஃபைலின் பட்டியல். இரண்டும் வேறுபட்டால் வெளியே போய் மறுபடி லாகின் ஆவதுதான் மருந்து. இணைப்பு அறுந்தாலும் செஷனை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸ் அல்லது ஸ்க்ரீன் பயன்படுத்துபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: எஸ்எஸ்எச்சைத் துண்டித்து மறுபடி வந்தாலும், பழைய டீமக்ஸுக்குள் நுழைந்தால் பழைய பட்டியல்தான். அந்த டீமக்ஸ் சர்வரையே நிறுத்தித் திறக்க வேண்டும்.

டெபியனுக்கென்று ஒரு தனிக் கதை. நிறுவும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் வைத்தால், முதல் யூசரை நிறுவல் நிரல் சூடோ குரூப்பில் சேர்க்காது. ஆகவே ‘எஸ்யூ’ கொடுத்து ரூட் ஆகி, யூசர்மாட் அடிக்கிறோம். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது! டெபியன் 10 முதல் வெறும் ‘எஸ்யூ’ பழைய யூசரின் தேடல் பாதையையே (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) வைத்துக்கொள்கிறது. யூசர்மாட் இருக்கும் /யூஎஸ்ஆர்/எஸ்பின் அதில் இல்லை. ‘எஸ்யூ -’ என்று ஒரு கோட்டைச் சேர்த்தால் ரூட்டின் முழுச் சூழலும் வரும்.

விதி இருக்கிறது, பொருந்தவில்லை

குரூப் சரி, விதியும் எழுதியாகிவிட்டது. ஆனால் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. இங்கே முதல் ஆயுதம் ‘சூடோ -எல்’. ஃபைலில் என்ன எழுதினீர்கள் என்பதைவிட, சூடோ என்ன புரிந்துகொண்டது என்பதுதான் முக்கியம். அதை இது காட்டும்.

ஒரு விதி வரியை இப்படி வாசிக்கலாம்: யார், எந்த சர்வரில், யாராக, எந்தக் கட்டளையை. ‘முருகன் ஆல்=(ஆல்:ஆல்) ஆல்’ என்றால் முருகன் எல்லா சர்வரிலும், எந்த யூசராகவும் எந்த குரூப்பாகவும், எல்லாக் கட்டளையையும் ஓட்டலாம். ‘ஆல்’ எல்லாமே பெரிய எழுத்தில். குரூப் என்றால் பெயருக்கு முன் % குறி.

இப்போது பொறிகள். சூடோ விதிகளில் கடைசியில் பொருந்துவதுதான் செல்லும். முருகனுக்குப் பாஸ்வேர்ட் வேண்டாம் என்று மேலே எழுதிவிட்டு, அதற்குக் கீழே %சூடோ குரூப்பின் பொது விதி இருந்தால், முருகனும் அந்த குரூப்பில் இருப்பதால் கீழே உள்ளது வென்றுவிடும், பாஸ்வேர்ட் கேட்கும். தனி விதியைக் கீழே கொண்டுபோங்கள். அதைவிட நல்லது, /எட்சி/சூடோயர்ஸ்.டி டைரக்டரியில் தனி ஃபைலாக வைப்பது. உபுண்டுவில் அந்த டைரக்டரியைச் சேர்க்கும் வரி ஃபைலின் இறுதியில்தான் இருக்கிறது.

அந்த வரியைப் பழைய பதிப்புகளில் பார்த்தால் # குறியோடு தொடங்கும். கமெண்ட் என்று நினைத்து அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘#இன்க்லூட்டிர்’ கமெண்ட் இல்லை, கட்டளை. இந்தக் குழப்பம் போதும் என்றுதான் புதிய பதிப்புகளில் @ குறியைக் கொண்டுவந்தார்கள்.

அந்த டைரக்டரிக்குள் வைக்கும் ஃபைலின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. புள்ளி இருந்தாலோ ~ குறியில் முடிந்தாலோ சூடோ அதை ஓசைப்படாமல் தாண்டிப் போய்விடும். பிழை வராது, எச்சரிக்கை வராது. ‘முருகன்.கான்ஃப்’ என்று மற்ற சர்வீஸ்களின் பழக்கத்தில் பெயர் வைத்துவிட்டு மணிக்கணக்கில் விதியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ‘எஸ்.முருகன்’ என்று இனிஷியலோடு யூசர் பெயர் வைத்து, அதையே ஃபைல் பெயராக்கினாலும் இதே கதி. ஃபைல்கள் எழுத்து வரிசைப்படி வாசிக்கப்படும் என்பதையும் மனதில் வையுங்கள். ‘10_’ என்று தொடங்கும் ஃபைல் ‘1_’ என்று தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். எண் போடுவதானால் எல்லாவற்றுக்கும் இரண்டு இலக்கம் போடுங்கள்.

குறிப்பிட்ட கட்டளைக்கு மட்டும் அனுமதி தரும்போது முழுப் பாதை வேண்டும். கட்டளைக்குப் பின் ஏதாவது சொற்களை எழுதிவிட்டால் அவையும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் என்ஜின்எக்ஸ்’ என்று விதி இருக்க, முருகன் கடைசியில் ‘.சர்வீஸ்’ சேர்த்துத் தட்டினால் மறுப்புதான். லாக் வரியின் ‘கமாண்ட்’ பகுதியை விதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் படும். விஐ போன்ற எடிட்டரை சூடோ வழியே ஓட்ட அனுமதி தருவது முழு ரூட்டையே தருவதற்குச் சமம், ஏனென்றால் எடிட்டருக்குள்ளிருந்தே ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) திறக்கலாம். ஒரு ஃபைலைத் திருத்த மட்டும் வேண்டும் என்றால் ‘சூடோஎடிட்’ இருக்கிறது.

சூடோ 1980 வாக்கில் பஃபலோ நகரில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷல், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் எழுதியது. பிறகு பல பத்தாண்டுகளாக டாட் மில்லர் பராமரித்து வருகிறார். இத்தனை வயதான நிரலில் இப்படிப்பட்ட மூலைமுடுக்குகள் இருப்பதில் வியப்பில்லை. உபுண்டு 25.10 முதல் ரஸ்ட் மொழியில் எழுதிய ‘சூடோ-ஆர்எஸ்’ அங்கே இயல்பாக வருகிறது. விதி ஃபைல் அதேதான்; ஆனால் பழைய சூடோவின் எல்லா அமைப்புகளும் அதில் இல்லை, செய்திகளின் சொற்களும் மாறலாம். பழைய விதி ஃபைலைப் புதிய சர்வருக்கு நகலெடுத்தால் ‘விசூடோ -சி’ ஓட்டிவிட்டு நம்புங்கள்.

சூடோ விட்டது, கட்டளை நின்றது

‘சூடோ எக்கோ’ கொடுத்து, > குறியால் /எட்சி-யில் ஒரு ஃபைலுக்குள் எழுதப் பார்த்தால் ‘பெர்மிஷன் டினைட்’. சூடோ ரூட்டாக ஓட்டியது எக்கோவை மட்டும். > குறியைக் கவனிப்பது உங்கள் ஷெல்; அது சூடோ தொடங்கும் முன்பே, உங்கள் பெயரில் அந்த ஃபைலைத் திறக்கப் பார்த்துத் தோற்றுவிட்டது. வெறும் எக்கோவை | குறியால் ‘சூடோ டீ’-க்கு அனுப்புங்கள். ஏற்கெனவே இருப்பதோடு சேர்க்க வேண்டும் என்றால் ‘டீ -ஏ’. /ரூட் டைரக்டரியில் * குறி போட்டுத் தேடுவது தோற்பதும் இதனால்தான். * குறியை விரிப்பதும் உங்கள் ஷெல். ‘சூடோ எஸ்எச் -சி’ என்று கொடுத்து மொத்த வரியையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் தீரும். ‘சூடோ சிடி’ என்பதற்கு அர்த்தமே இல்லை. சிடி தனி நிரல் இல்லை, ஷெல்லின் உள்ளேயே இருப்பது.

சூடோ இல்லாமல் ஓடும் கட்டளை, சூடோவோடு ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றால் ‘செக்யூர் பாத்’ காரணம். சூடோ உங்கள் தேடல் பாதையை நம்பாமல் தன் சொந்தப் பட்டியலில்தான் தேடும். ரெட் ஹேட் 8 போன்ற பதிப்புகளில் அந்தப் பட்டியலில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கூட இல்லை. முழுப் பாதையைத் தட்டிவிடுங்கள். நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் அதற்கு எக்ஸிக்யூட் பெர்மிஷன் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டாலும் சூடோ அதே ‘நாட் ஃபவுண்ட்’ செய்தியைத்தான் தரும். கண்ணெதிரே இருக்கும் ஃபைலைக் காணோம் என்று சொல்லும்போது எரிச்சலாகத்தான் இருக்கும்.

நிஜமாகவே ரூட்டாக ஓடியும் மறுப்பு வந்தால், செய்தியின் சொற்களைக் கவனியுங்கள். ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்றால் ஃபைலின் மேல் மாற்ற முடியாத குறி இருக்கலாம். ‘எல்எஸ்ஆட்ர்’ கொடுத்தால் ‘ஐ’ என்ற எழுத்து தெரியும். ‘சிஎச்ஆட்ர் -ஐ’ அதை எடுக்கும். எடுக்கும் முன் யார், ஏன் போட்டார்கள் என்று கேட்டுவிடுங்கள். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றால் டிஸ்க் கோளாறால் கெர்னலே அதைப் படிக்க மட்டும் என்று மாற்றியிருக்கலாம், ‘டிஎம்இஎஸ்ஜி’ பாருங்கள். என்எஃப்எஸ் வழியே வேறு சர்வரிலிருந்து வந்த டைரக்டரி என்றால் ‘ரூட் ஸ்குவாஷ்’: உங்கள் ரூட், அந்தப் பக்கத்து சர்வருக்கு அனாமதேயம். ரெட் ஹேட் குடும்பத்தில் எதுவும் பிடிபடாவிட்டால் ‘ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்’ கொடுங்கள். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுத்திருந்தால் அங்கே தெரியும்.

உள்ளே நுழைய வழியே இல்லை என்றால்

ரூட் ஜன்னல் இல்லை, ரூட் பாஸ்வேர்ட் இல்லை, சூடோ இல்லை. முதலில் எளிய வழியைப் பாருங்கள். நீங்கள் சூடோ குரூப்பில் இருந்து, விதி ஃபைலில் மட்டும் பிழை என்றால் ‘பிகேஎக்ஸெக் விசூடோ’ கைகொடுக்கும். அது போல்கிட் என்ற வேறொரு அனுமதி அமைப்பின் வழியே போவதால் சூடோயர்ஸ் ஃபைலைத் தொடாது. எஸ்எஸ்எச்சில் இதற்கு இரண்டு ஜன்னல் வேண்டும். முதலாவதில் ‘எக்கோ $$’ கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் ‘பிகேடிடிஒய்ஏஜென்ட் --ப்ராசஸ்’ என்று கொடுத்து அந்த எண்ணைத் தட்டுங்கள். பிறகு முதலாவதில் பிகேஎக்ஸெக். பாஸ்வேர்ட் கேள்வி இரண்டாவதில் வரும்.

அதுவும் இல்லை என்றால் கன்சோல். ரீபூட் செய்து, பூட் ஆகும்போது முதலில் வரும் க்ரப் மெனுவில் ‘இ’ அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘ஆர்ஓ’ இருந்தால் ‘ஆர்டபிள்யூ’ ஆக்கி, வரியின் இறுதியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ சேர்த்து கன்ட்ரோல்-எக்ஸ். ரூட் ஷெல் வரும். விசூடோ, யூசர்மாட், பாஸ்டபிள்யூடி எது தேவையோ அதைச் செய்யுங்கள். ரெட் ஹேட் குடும்பம் என்றால் ‘டச் /.ஆட்டோரீலேபிள்’ கட்டாயம்; இல்லாவிட்டால் எஸ்இலினக்ஸ் குறிகள் குழம்பி லாகினே நிற்கலாம். அது இருந்தால் அடுத்த பூட் வெகுநேரம் எடுக்கும், பதறி பவரை அணைக்காதீர்கள். ‘சிங்க்’ கொடுத்து ‘ரீபூட் -எஃப்’.

க்ரப் எட்டாத கிளவுட் சர்வரில், முதலில் ஸ்னாப்ஷாட் எடுங்கள். சர்வரை நிறுத்தி, அதன் டிஸ்கைக் கழற்றி இன்னொரு சர்வரில் மாட்டி, மவுண்ட் செய்து, அந்த டிஸ்கையே ரூட் டைரக்டரியாக்கும் ‘சிஎச்ரூட்’ வழியே உள்ளே போய்த் திருத்திவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். சிஎச்ரூட்டை மறந்து யூசர்மாட் அடித்தால் மாறுவது உதவி சர்வரின் யூசர்.

ஜன்னலை மூடும் முன்

ரூட் ஜன்னல் இன்னும் திறந்திருக்கிறது அல்லவா? அதில் ‘விசூடோ -சி’ ஒருமுறை. பிறகு புத்தம் புதிய எஸ்எஸ்எச் இணைப்பில், டீமக்ஸுக்குள் போகாமல், ‘ஐடி’, ‘சூடோ -கே’, ‘சூடோ -எல்’, கடைசியாகச் சிக்கல் கொடுத்த அதே கட்டளை. ஸ்கிரிப்டுக்காகப் பாஸ்வேர்ட் இல்லாத விதி எழுதியிருந்தால் ‘சூடோ -என்’ சேர்த்து ஓட்டுங்கள். பாஸ்வேர்ட் தேவைப்பட்டால் காத்து நிற்காமல் உடனே தோற்றுவிடும், நள்ளிரவில் தானாக ஓடும் க்ரான் வேலையில் என்ன நடக்கும் என்பது பகலிலேயே தெரிந்துவிடும். இத்தனையும் ஓடிய பிறகு ரூட் ஜன்னலில் ‘எக்ஸிட்’ தட்டலாம்.